தானாக மூடும் கதவு

இலண்டன் தொடர்மாடிகளில் குடியேறிய எம்மில் பலருக்கு, தானாக மூடிக்கொள்ளும் பாரமான வாசற்கதவு ஒரு தொல்லை. சாமான் பைகளுடன் வரும்போது செருப்பை அண்டை கொடுக்கிறோம். சிலவேளை மூடும் கருவியையே கழற்றிவிடுகிறோம்.

அது தீத்தடுப்புக் கதவு. மூடியிருந்தால், வழமையாக 30 நிமிடம் தீயையும் புகையையும் மறித்து நிற்கும். அயலவர் மாடிப்படியால் இறங்கித் தப்பக் கிடைக்கும் அவகாசம் அதுவே.

2017 யூன் 14இல் கிரென்பெல் மாடிக்கட்டடத்தில் மூண்ட தீ 72 உயிர்களைக் குடித்தது. வெளிச்சுவரில் பொருத்திய தகடுகளே தீயை மேலேற்றின. ஆனால், வீட்டுக் கதவுகள் பல தானாக மூடாததால் புகை விறாந்தைகளை நிறைத்ததென விசாரணை கண்டது.

இன்றே செருப்பை எடுப்போம். கதவு தானாக மூடாவிட்டால் வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதுவோம், பிரதியைப் பத்திரப்படுத்துவோம்.