படுகளத்தை ஒரே படத்தில் எடுக்க முடியுமா?

நம் வீட்டு ஆல்பங்களில் ஊர்த் திருவிழாப் படங்கள் கட்டாயம் இருக்கும். ஒருமுறை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அம்மன் இருப்பாள், பூங்கரகம் இருக்கும், தீ மிதிக்கிற மாமாவின் முகம் இருக்கும். சுற்றி நின்ற ஊர் மட்டும் இருக்காது. பெங்களூரில் பிறந்த பிள்ளைகள் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நம்ம வீடு இதுல எங்க இருக்கு?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. வீடு படத்துக்கு வெளியே, வலதுபக்கம் நாலு அடி தள்ளி இருந்திருக்கும்!

இதில் எடுத்தவர் குற்றம் ஒன்றுமில்லை. சாதாரண 35 மில்லிமீட்டர் காமிராவில் ஒரு படத்தின் அளவு 24க்கு 36 மி.மீ. வழக்கமான 50 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் சுமார் 40 டிகிரிதான் பார்க்கும். திருவிழாவோ நம்மைச் சுற்றி நடக்கிறது. பின்னால் தள்ளிப் போய் எடுத்தால் மனிதர்கள் எறும்பாகிவிடுவார்கள். பாதிப் படம் வானமும் மீதிப் படம் புழுதியுமாக இருக்கும். 1990களில் வந்த சில மலிவுக் காமிராக்களில் 'பனோரமா' என்று ஒரு பொத்தான் இருந்தது நினைவிருக்கலாம். அது படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து மறைக்குமே தவிர, பக்கவாட்டில் ஒரு அங்குலம்கூடக் கூடுதலாகக் காட்டாது. வேட்டியை நீளவாக்கில் கிழித்துவிட்டு அங்கவஸ்திரம் வாங்கியதாகச் சொல்வதைப் போன்ற வேலை அது.

அகலமாக எடுக்கவேண்டும் என்ற ஆசை பழையது. அதில் நம் பெங்களூருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. லின்னேயஸ் டிரைப் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் காப்டன். 1854இல் பெங்களூரில் இருந்தபோது ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தார். 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். பெங்களூரில்தான் முதலில் தம் கூடத்தை அமைத்தார். 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் இறங்கி ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று போனார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டுகளை 1858இல் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். நீளம் 19 அடிக்கு மேல். ஒரே பார்வையில் எவரும் பார்க்க முடியாத ஒன்றை மேசைமேல் விரித்துவைத்த வேலை அது.

ஆனால் டிரைப் எடுத்தது கல். மெழுகு பூசிய காகித நெகட்டிவில் வெளிச்சம் பதிய நெடுநேரம் ஆகும். நடக்கிற மனிதன் அதில் விழமாட்டான். துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவதும் அசையாத பொருளுக்குத்தான் சரி. அடுத்த துண்டு எடுப்பதற்குள் சாமி தெருமுனை திரும்பிவிடுமே!

திருவிழாவுக்கு ஏற்றது வேறொரு வகைக் காமிரா. அதில் லென்ஸே சுழலும். 1840களின் நடுவில் பாரிஸில் மார்ட்டென்ஸ் என்பவர் செய்த காமிராவிலிருந்து தத்துவம் ஒன்றுதான். உள்ளே பிலிம் அரைவட்டமாக வளைந்து நிற்கும். லென்ஸுக்குப் பின்னால் ஒரு செங்குத்தான கீற்று. பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் இடமிருந்து வலம் திரும்ப, பெருக்கிக்கொண்டு போவதைப்போல வெளிச்சம் பிலிமில் வரிசையாக விழும். ஜப்பானில் செய்த வைட்லக்ஸ் 140 டிகிரி பார்க்கும். ஹாலிவுட் நடிகர் ஜெஃப் பிரிட்ஜஸ் படப்பிடிப்புத் தளங்களில் இதை வைத்து எடுத்த படங்கள் 2003இல் புத்தகமாகவே வந்தன. மாஸ்கோ பக்கத்தில் செய்த ரஷ்யக் காமிரா ஹொரைசான் 202; அது 120 டிகிரி. 36 படச் சுருளில் இதற்கு 22 படம்தான் விழும்.

இந்த ஹொரைசான் 2003இல் ஒரு நண்பர் மூலம் என் கைக்கு இரவலாக வந்தது. செஞ்சிப் பக்கத்தில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் அந்த வருஷம் பாரதம் வைத்திருந்தார்கள். வட ஆர்க்காடு, தென்னார்க்காடுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. படுகளத்தில் துரியோதனனை மண்ணால் மல்லாந்து படுத்த உருவமாகத் தரையிலே போட்டு, கிரீடம், மீசை எல்லாம் வண்ணம் தீட்டியிருப்பார்கள். ஐம்பது அடி நீள உருவங்களும் உண்டு. கூத்துக் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த உடம்பின் மேலேயே ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழுந்து சிவப்பு வழிந்ததும் பாஞ்சாலி கூந்தல் முடிவாள். அதோடு கூட்டம் பாய்ந்து மண்ணை எடுத்துக்கொண்டு போகும். குதிரில் போட்டால் நெல் குறையாது என்பது நம்பிக்கை. காலையில் படுத்திருந்தவன் மதியத்துக்குள் இருக்கமாட்டான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஐம்பது அடி உருவத்தைச் சாதாரண லென்ஸில் முழுதாக எடுக்க ஏறக்குறைய எழுபது அடி பின்னால் போகவேண்டும். நடுவில் இருநூறு தலை. சுழலும் லென்ஸுக்குப் பதினைந்து அடி போதும். கூட்டத்தின் முன்வரிசையிலேயே நின்று எடுக்கலாம். நான் ஒரு டிராக்டர் டிப்பர் மேல் ஏறி நின்றேன். பூசாரி அண்ணாந்து பார்த்து, "இன்னாப்பா இது, பொட்டிக்குள்ள கண்ணு சுத்துது?" என்றார்.

சங்கடங்களையும் சொல்லவேண்டும். காமிரா மட்டமாக இல்லாவிட்டால் அடிவானம் வளையும். அதற்காகவே வ்யூஃபைண்டரில் ஒரு ரசமட்டக் குமிழி தெரியும். மட்டமாகப் பிடித்தாலும் நேர்க்கோடு நேராக வராது. எங்கள் துரியோதனன் தலையும் காலும் மேலே எழும்பி, தூளியில் படுத்தவன் மாதிரிதான் விழுந்தான். லென்ஸ் திரும்பும் திசையிலேயே ஓடுகிறவன் நீண்டு போவான், எதிர்த்து ஓடுகிறவன் ஒடுங்கிப் போவான். பீமன் பனைமரம் போல வந்திருந்தான். முதல் நாலு படத்தில் ஓரத்தில் என் விரல்.

அடுத்த வருஷம் இதே காமிராவை நம் பெங்களூர்க் கரகத்துக்கும் கொண்டுபோனேன். அதுவும் திரௌபதி விழாதானே. சித்திரைப் பௌர்ணமி இரவு திகளரபேட்டை தர்மராயசுவாமி கோயிலிலிருந்து மல்லிகைப் பூவும் பெண் வேஷமுமாகக் கரகம் புறப்படும். கத்தி ஏந்திய வீரகுமாரர்கள் சூழ்ந்து வருவார்கள். காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போகும். திகளர் என்ற சொல்லே கன்னடத்தில் தமிழரைக் குறிக்க வழங்கியது. ஊரைவிட்டு வந்தவர்கள் தெய்வத்தைக் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். படம் எடுத்த கதை இரண்டே வரி. நள்ளிரவு, ட்யூப்லைட் வெளிச்சம், மெதுவான வேகம். 22 படமும் கலங்கல்.

படுகளச் சுருளுக்கு வருகிறேன். பெங்களூரில் ஒரு ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தேன். சொல்லித்தான் கொடுத்தேன், சீட்டில் எழுதவும் எழுதினேன். அங்கிருந்த பையன் பழக்கப்படி ஆறு ஆறு படமாக அளந்து வெட்டிவிட்டான். ஆறு சாதாரணப் படத்தின் நீளத்தில் அகலப் படம் மூன்றேமுக்கால்கூட வராது. ஆகவே நாலாவது படத்தின் நடுவிலே கத்தரி விழும். ஒவ்வொரு துண்டின் முனையிலும் இப்படித்தான். "ஸார், லைனே தெரியல, அதான்" என்றான். அவனைச் சொல்லி என்ன பயன்?

வெட்டுப்பட்டவற்றில் ஒன்றுதான் நல்ல படம். பாஞ்சாலி கூந்தல் முடிகிற நேரம். கத்தரி துரியோதனன் முழங்காலுக்கு இப்பால் போயிருக்கிறது. வலதுபாதியில் பெண்கள் நிற்கிறார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் பெரியம்மா அழுகிறார்கள். பெரியம்மாவுக்குக் காமிராவைக் கண்டால் விறைத்துக்கொள்ளும் பழக்கம். கல்யாண ஆல்பங்களிலெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பவர் மாதிரிதான் இருப்பார்கள். இது ஒன்றில்தான் அவர்களாக இருக்கிறார்கள். நான் அவர்களை எடுக்கவே இல்லை. லென்ஸ் திரும்பும்போது எடுத்துக்கொண்டது.

இடதுபாதியைப் பல வருஷம் நான் சரியாகப் பார்க்கவில்லை. பின்னாளில் இரண்டு துண்டையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் சேர்த்தபோதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். தலைமாட்டுக்கும் அப்பால், பனை வரிசை ஓரமாக, ஒரு கூட்டம் தனியாக நிற்கிறது. காலனியிலிருந்து வந்தவர்கள். களத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் நல்ல இடைவெளி, அதில் யாரும் இல்லை. அந்த வருஷம் எடுத்த சாதாரணப் படங்களின் பின்புறம் 'ஊரே கூடியது' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. பிள்ளைகளிடம் ஊரைக் காட்டவேண்டும் என்றால் பெரியம்மா நிற்கிற பாதியை மட்டும் காட்ட முடியாது. என் பேத்தி, "அவங்க ஏன் அங்க நிக்கறாங்க?" என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன்.

இன்று கைபேசியே பனோரமா எடுக்கிறது. அது வரிசையாக எடுத்துத் தானே ஒட்டிக்கொள்கிறது. கூட்டம் அசைந்தால் ஒருவருக்கு இரண்டு தலை, இன்னொருவருக்குக் காலே இல்லை. கோயில் கோபுரத்துக்குச் சரி, படுகளத்துக்கு ஆகாது. பிலிமும் அருகிவிட்டது. 1967 முதல் ஊட்டியில் 'இந்து' என்ற பெயரில் நம் நாட்டுக் கறுப்பு வெள்ளைச் சுருள் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் மூடிவிட்டது.

பரணில் பழைய நெகட்டிவ் இருந்தால் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் காகித உறையில் போடுங்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது ஓரம் வெட்டாமல் முழு பிரேமும் வேண்டும் என்று கேளுங்கள். அகலக் காமிராவில் புதிதாக எடுப்பவர்கள் சுருளை வெட்டாமல் நீளமாகவே கொடுக்கச் சொல்லுங்கள். சீட்டில் எழுதினால் போதாது, கழுவி வருகிறவரைக்கும் அங்கேயே நில்லுங்கள்.