நாடுகளுக்கு அங்கீகாரம் ஏன்?

தோட்டத்தில் தொழிலாளர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்கின்றனர். சங்கம் பதிவு பெறுகிறது, உறுப்பினர்களும் இருக்கின்றனர். ஆயினும், அங்கீகாரம் பெற்ற பின்னரே கூட்டு ஒப்பந்தம் பேச அது நிர்வாகத்தின் எதிரே அமர முடியும். நாம் நன்கறிந்த செய்தி இது. நாடுகளின் நிலையும் ஏறக்குறைய இத்தகையதே.

நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளுடன் உறவுகொள்ளும் ஆற்றல் ஆகிய நான்கும் ஒரு நாட்டுக்குரிய இலக்கணங்கள் என 1933-ஆம் ஆண்டு மொண்டேவிடியோ உடன்படிக்கை கூறுகிறது. இவை உளவா என்பதில் தகராறு எழும்போது, பிற நாடுகளின் அங்கீகாரம் பெருமதிப்புப் பெறுகிறது. இதற்குப் பாலஸ்தீனம் தக்க சான்றாகும்.

1988 நவம்பர் 15-ஆம் நாள் அல்ஜியர்ஸ் நகரில் பாலஸ்தீனத்தின் சுதந்திரம் பிரகடனம் செய்யப்பட்டது. நம் மலேசியா அவ்வாண்டிலேயே அதனை அங்கீகரித்தது. 2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் முதலிய நாடுகளும் அங்கீகரித்தன. இப்போது அங்கீகரித்துள்ள நாடுகள் 150-க்கும் மேற்பட்டவை.

அங்ஙனமாயின், ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் அது ஏன் முழு உறுப்பினராகவில்லை? அங்கீகாரம் என்பது ஒவ்வொரு நாடும் தானே செய்யும் முடிவு. உறுப்பினராவதற்கு வழி வேறு. முதலில் பாதுகாப்பு மன்றத்தின் 15 நாடுகளில் 9 நாடுகளேனும் ஆதரிக்கவேண்டும். 5 நிரந்தர உறுப்பு நாடுகளுள் ஒன்றும் எதிர்த்து வாக்களிக்கலாகாது. பின்னர் பொதுப் பேரவையில் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். 2024 ஏப்ரல் 18-ஆம் நாள் 12 நாடுகள் ஆதரித்தன. 2 நாடுகள் நடுநிலை வகித்தன. அமெரிக்கா தன் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தவே, தீர்மானம் வீழ்ந்தது.

எனினும் எல்லாக் கதவுகளும் அடைபடவில்லை. 2011-இல் யுனெஸ்கோ பாலஸ்தீனத்தை உறுப்பினராக ஏற்றது. 2012-இல் பொதுப் பேரவை, 138 வாக்குகளால், உறுப்பினரல்லாத பார்வையாளர் நாடு என்னும் தகுதியை வழங்கியது. அதனால் உடன்படிக்கைகளில் சேரும் வழி எளிதாயிற்று. 2015-இல் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்திலும் அது இணைந்தது. 2024 மே 10-ஆம் நாள் தீர்மானத்தின்படி, அவ்வாண்டு செப்டம்பர் முதல் பேரவையில் ஆங்கில அகரவரிசையில் இலங்கைக்கும் சூடானுக்கும் இடையே அதன் பிரதிநிதி அமர்கிறார். பேசலாம்; தீர்மானம் முன்மொழியலாம்; ஆனால் வாக்களிக்க இயலாது.

அங்கீகாரத்தினால் மட்டும் ஆக்கிரமிப்பு நீங்கிவிடாது. எல்லைத் தகராறும் தீர்ந்துவிடாது. ஆயினும், அவையில் இடம்பெற்றவரின் குறையைக் கேளாதிருப்பது எளிதன்று. இவ்வுண்மையைச் சங்கம் வளர்த்த நம்மைவிட நன்கறிந்தவர் யாவர்?