அலுவலகத் திடலிலிருந்து ஆசிய மேடைக்கு

ஆர்சனல் குழுவைத் தொடங்கியவர்கள் யார்? லண்டன் வுல்விச்சில் இருந்த ஆயுதத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள், 1886இல். மான்செஸ்டர் யுனைடெட்? நியூட்டன் ஹீத் என்ற பெயரில் ரயில்வே ஊழியர்கள், 1878இல். வெஸ்ட் ஹாம்? தேம்ஸ் நதிக்கரைக் கப்பல் பட்டறைக்காரர்கள், 1895இல். நம் இளைஞர்கள் பலருக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஆட்டம் பார்ப்பவர்களாயிற்றே!

அதே இளைஞர்களிடம், “ஜேடிதி எப்போது பிறந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். “2013, துங்கு ஆரம்பித்தது” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பதில் பாதிதான் சரி. ஜொகூர் டாருல் தக்சிம் குழுவின் வேர், அந்த ஆங்கிலேயக் குழுக்களைப் போலவே, ஒரு வேலையிடத்தில் இருக்கிறது.

இரண்டு குழு, ஒரு மாநிலம்

1972ஆம் ஆண்டு. ஜொகூர் மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் தன் பெயரில் ஒரு காற்பந்துக் குழுவை அமைத்தது. மலாய்ச் சுருக்கப்படி அதன் பெயர் ‘பிகேஇஎன்ஜே’. அந்தக் கழகம் பின்னர் ஜொகூர் கார்ப்பரேஷன் ஆனபோது குழுவின் பெயரும் மாறியது. அதன் பிறகு ஜொகூர் எஃப்சி ஆனது. திறமையான குழுதான். ஆனால் ஊரே திரண்டு கொண்டாடிய குழு அல்ல.

ஊர் கொண்டாடியது மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் குழுவை. 1985இல் அது கோலாலம்பூரை 2-0 என வென்று முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தை ஜொகூருக்குக் கொண்டு வந்தது. 1991இல் லீக் பட்டத்தையும் வென்று, மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 3-1 என வீழ்த்தியது. அந்த ஆண்டின் அப்பாஸ் சாட், அலிஸ்டர் எட்வர்ட்ஸ் பெயர்களை நம் அப்பாக்கள், மாமாக்கள் இன்றும் மறக்கவில்லை.

அதன் பிறகு நீண்ட வறட்சி. லார்கின் அரங்கம் உலகச் செய்தியில் வந்ததுகூட வேற்று நாட்டவர்களால்தான். 1997 நவம்பர் 16ஆம் தேதி அங்கே ஜப்பான் ஈரானைக் கூடுதல் நேரத்தில் 3-2 என வென்று, வரலாற்றில் முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. ஜப்பானியர்கள் இன்றும் அதை ‘ஜொகூர் பாரு மகிழ்ச்சி’ என்றே சொல்கிறார்கள். ஜொகூர் ரசிகர்களுக்குத்தான் அத்தகைய இரவு ஒன்று வாய்க்காமல் இருந்தது.

பெயரா, அடித்தளமா?

2012இல் துங்கு இஸ்மாயில் சுல்தான் இப்ராஹிம் மாநிலச் சங்கத்தின் தலைவரானார். அப்போது அவர் பட்டத்து இளவரசர். இன்று ஜொகூரின் இடைக்கால சுல்தான். டேராடூனில் இந்திய இராணுவப் பயிற்சி பெற்றவர். 2007இல் டெல்லி குடியரசு தின அணிவகுப்பில் 61ஆவது குதிரைப்படைப் பிரிவை வழிநடத்தியவர். சிதறிக் கிடந்த முயற்சிகளை அவர் ஒரே குடையின் கீழ் கொண்டு வந்தார். 2013 பருவத்தில் ஜொகூர் எஃப்சி, டாருல் தக்சிம் என்ற புதிய பெயரோடு சூப்பர் லீக்கில் இறங்கியது.

முதல் ஆண்டில் நட்சத்திரங்களைத்தான் வாங்கினார்கள். 2008 ஐரோப்பியக் கிண்ணம் வென்ற ஸ்பெயின் குழுவில் இருந்த டானி குய்சா வந்தார். இத்தாலியின் சிமோனே டெல் நேரோ வந்தார். நாடே வாய் பிளந்து பார்த்தது. முடிவு? ஒரு கிண்ணம்கூட இல்லை. எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் கிளந்தானிடம் 0-1 எனத் தோல்வி. குய்சா பாதிப் பருவத்திலேயே கிளம்பிவிட்டார். அடுத்து வந்தவர் மெஸ்ஸி சிறுவயதில் வியந்து பார்த்த பாப்லோ ஐமார். அவரும் காயம் காரணமாகச் சில மாதங்களில் விடைபெற்றார்.

ஆனாலும் அந்த 2014இல்தான் ஜேடிதி முதன்முறையாக சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. பெயர் பெற்றவர்கள் வந்து போனார்கள். பயிற்சி, மருத்துவம், உணவு, திடல், நேரத்துக்குச் சம்பளம் என்ற அன்றாட ஏற்பாடு நிலைத்து நின்றது. மற்ற குழுக்கள் விளம்பரத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டன. பார்த்துப் படித்திருக்க வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான்.

டுஷான்பேயில் ஒரு கோல்

2015 அக்டோபர் 31. தஜிகிஸ்தான் தலைநகர் டுஷான்பே. ஏஎஃப்சி கிண்ண இறுதியாட்டத்தில் லியண்ட்ரோ வெலாஸ்கெஸ் அடித்த ஒரே கோலால் ஜேடிதி உள்ளூர்க் குழுவான இஸ்திக்லோலை வென்றது. அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசியக் குழு அதுதான். இதில் அதிர்ஷ்டமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் குவைத்தின் கட்சியா குழுவிடம் ஜேடிதி 1-3 எனத் தோற்றிருந்தது. குவைத் சங்கத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்ததால் இரண்டாவது ஆட்டம் நடக்காமலேயே இறுதிக்கு வழி பிறந்தது.

2017இல் மலேசியக் கிண்ணம் 26 ஆண்டுகளுக்குப் பிறகு ஜொகூர் திரும்பியது. 2020இல் இஸ்கந்தர் புத்ரியில் 40,000 பேர் அமரும் சுல்தான் இப்ராஹிம் அரங்கம் திறக்கப்பட்டது. வாழை இலையை நினைவூட்டும் வடிவம் அதற்கு. நம்மவர்களுக்குப் பார்த்ததும் பிடித்துப்போகும். அங்கேதான் 2022இல் ஜப்பானின் கவாசாகி, கொரியாவின் உல்சான் இருந்த பிரிவில் ஜேடிதி முதலிடம் பிடித்தது. ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் வெளியேற்றச் சுற்றுக்கு ஒரு மலேசியக் குழு நுழைந்தது அதுவே முதன்முறை. அடுத்த சுற்றில் உராவா ரெட்ஸ் ஐந்து கோல் போட்டு, இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதையும் காட்டிவிட்டது.

வெற்றியின் மறுபக்கம்

2014 தொடங்கி 2024-25 பருவம் வரை சூப்பர் லீக் பட்டம் தொடர்ந்து 11 முறை ஜொகூருக்கே. ஜொகூர்க்காரர்களுக்குப் பெருமை. ஆனால் யார் வெல்வார் என்று முன்கூட்டியே தெரிந்த லீக்கைப் பார்க்க மற்ற மாநிலத்தவர் எத்தனை பேர் வருவார்கள்?

2025 ஏப்ரலில் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜேடிதியிடம் 1-2 எனத் தோற்ற ஸ்ரீ பகாங், அடுத்த பருவத்தில் லீக்கிலேயே இல்லை, விலகிவிட்டது. பேராக்கும் விலகியது. அரண்மனையின் ஆதரவும் பெரிய நிறுவனங்களின் பணமும் எல்லாக் குழுவுக்கும் கிடைக்காது என்பது உண்மை. அதற்காக ஜேடிதி தன் தரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் நியாயமல்ல. வரவுக்கு மீறிச் செலவு செய்து, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி வைக்கும் பழக்கம் ஒழிந்தால்தான் இந்த இடைவெளி குறையும்.

இது நம் சமூகத்துக்கும் பொருந்தும். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் முயற்சியில் எழுந்த மிஸ்க்-மிஃபா குழு, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் கால் வைத்தது. நம் பிள்ளைகள் பலருக்கு அது ஒரு வாசல். 2022 பருவத்தோடு அக்குழு லீக்கிலிருந்து விலகியது. அதே 2022இல்தான் ஜேடிதி உள்நாட்டின் எல்லாக் கிண்ணங்களையும் அள்ளியது. ஒரே ஆண்டில் ஒரு வாசல் மூடியது. இன்னொரு வாசல் இன்னும் உயரத்துக்குப் போனது.

நம் பிள்ளைகள் எந்த வழியாக?

ஒரு காலத்தில் தோட்டத் திடலே நமக்குப் பள்ளிக்கூடம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எம். சந்திரன் நாட்டுக்காக ஆடினார். ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் கோல் கம்பத்தைக் காத்தார். அண்மைக்காலத்தில் ஜேடிதி சீருடையில் எஸ். குணாளன் வலப்பக்கம் பறந்தார்; எஸ். சந்துருவும் அங்கே ஆடினார். இருவருமே வேறு மாநிலங்களில் வளர்ந்து, பெயர் வாங்கிய பின் வந்தவர்கள்.

இன்று தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. திறமையைத் தேடி யாரும் திடல் திடலாக வருவதில்லை. 2021இல் 19 வயதிலேயே லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்ற அரிஃப் ஐமான், ஜேடிதியின் இளையோர் குழுக்கள் வழியாகப் படிப்படியாக ஏறி வந்தவர். வயதுவாரிக் குழு, முறையான பயிற்றுநர், ஆண்டு முழுக்க ஆட்டம்: இன்றைய பாதை இதுதான்.

நம் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறை ஒருநாள் போட்டி நடத்தி, கிண்ணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை 12 வயதுக்குட்பட்டோர் குழு ஒன்றை ஆண்டு முழுவதும் நடத்தச் செலவிடலாம். பெற்றோரும் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும்முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். பயிற்றுநருக்கு உரிமம் உண்டா? குழு எந்த லீக்கில் பதிவாகியிருக்கிறது? ஓர் ஆண்டில் என் பிள்ளைக்கு எத்தனை ஆட்டங்கள் கிடைக்கும்?

ஆர்சனலுக்கு உயிரையே கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அடுத்த முறை சனிக்கிழமை இரவு இஸ்கந்தர் புத்ரியில் ஆட்டம் இருந்தால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள். தொலைக்காட்சியில் தெரியாத ஒன்று அங்கே தெரியும்: பந்து இல்லாதபோது ஓர் ஆட்டக்காரர் எவ்வளவு ஓடுகிறார் என்பது.