தட்டினால் உண்மை சொல்லுமா ஒட்டுவில்லை?

இரவுச் சந்தையிலிருந்து மூட்டுவலிக்கு ஒரு போத்தல் மாத்திரை வாங்கி வருகிறார் வீட்டுப் பெரியவர். “ஸ்டிக்கர் ஒட்டியிருக்குப்பா, பயமில்ல” என்கிறார். இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது. சந்தேகப்பட வேண்டிய இடமே அதுதான். இப்படி விற்கப்படும் பாரம்பரிய மருந்துகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. தொடர்ந்து சாப்பிட்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

பதிவு பெற்ற மருந்துகளில் 2005 முதல் மெடிடேக் ஹோலோகிராம் இருந்தது. பின்னர் கியூஆர் குறியீடு கொண்ட ஃபார்மாடேக் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கியூஆர் குறியீடு என்பது வெறும் மை. அசல் ஒன்றைப் படமெடுத்து ஆயிரம் பிரதி அச்சடித்தால், ஆயிரமும் அதே எண்ணைத்தான் காட்டும். ஒரே எண் பல ஊர்களில் வருடப்படுவதை யாராவது கவனித்தால்தான் குட்டு வெளிப்படும்.

இந்த இடத்தில்தான் கம்பியில்லா ஒட்டுவில்லை வருகிறது. டச் அண்ட் கோ அட்டையைத் தட்டுகிறோமே, ஏறக்குறைய அதே நுட்பம். உள்ளே பேட்டரி கிடையாது. திறன்பேசியை அருகில் கொண்டுபோனால், அது வீசும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்தே மின்சாரம் பெற்றுச் சில்லு விழித்துக்கொள்ளும், தன் எண்ணைச் சொல்லும். என்எக்ஸ்பி நிறுவனத்தின் என்டேக் 424 டிஎன்ஏ போன்ற சில்லுகள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. உள்ளே ஒளித்து வைத்த ரகசியச் சாவியைக் கொண்டு ஒவ்வொரு முறை தட்டும்போதும் புதிய குறியீட்டை உருவாக்கும். நேற்றைய பதிலைக் காப்பியடித்தவன் இன்று மாட்டிக்கொள்வான்.

பிறகு ஏன் எல்லாப் போத்தலிலும் இது இல்லை? விலைதான். சிலிக்கான் சில்லைத் தயாரித்து, வெட்டி, அலைவாங்கியோடு பொருத்த வேண்டும். விலையுயர்ந்த கைப்பைக்கு இந்தச் செலவு பொருட்டில்லை. சில வெள்ளி மாத்திரை அட்டைக்கு?

அதனால்தான் செய்தித்தாள் போலச் சுருள் சுருளாக அச்சடிக்கும் முயற்சி தொடங்கியது. 2010இல் தென்கொரியாவின் சுன்சோன் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, கரிம நானோகுழாய் மையால் பிளாஸ்டிக் தாளில் முழுக்க அச்சிட்ட ஒட்டுவில்லையைக் காட்டின. அதன் கொள்ளளவு ஒரே ஒரு பிட். ‘இருக்கிறேன்’ என்று சொல்லலாம், ‘நான் யார்’ என்று சொல்ல முடியாது! இங்கிலாந்தின் பிராக்மேட்டிக் நிறுவனம் வேறு வழியில் போகிறது. சிலிக்கானை விட்டுவிட்டு, வளையும் பிளாஸ்டிக் மீதே மெல்லிய சில்லுகளை உருவாக்குகிறது.

மலிவுக்கு ஒரு விலை உண்டு. எண்ணை மட்டும் சொல்லும் எளிய சில்லையும் போலி செய்யலாம். ரகசியச் சாவியைக் காக்கக் கூடுதல் மின்சுற்று வேண்டும். அது வந்தால் விலையும் ஏறும். இந்த இழுபறி இன்னும் தீரவில்லை.

இன்னொன்று: ஒட்டுவில்லை அசல் என்றால் உள்ளே இருப்பதும் அசல் என்று அர்த்தமில்லை. காலிப் போத்தலில் வேறெதையாவது நிரப்பலாமே. 2015இல் தின்ஃபிலிம் நிறுவனமும் டியாஜியோவும் ஒரு விஸ்கிப் போத்தலில் காட்டிய யோசனை இதற்கானது. ஒட்டுவில்லை மூடியின் குறுக்கே ஓடும். மூடியைத் திறந்ததும், ‘திறக்கப்பட்டது’ என்று திறன்பேசிக்குத் தெரிவிக்கும். மருந்துப் போத்தலுக்குத்தான் இது அதிகம் தேவை என்பது என் கருத்து. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்தில் ஒரு மருந்து தரமற்றது அல்லது போலி என்று உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது.

அந்த மாத்திரைப் போத்தலை இப்போதே சோதிக்கவும் வழியுண்டு. அதில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள். பாரம்பரிய மருந்தென்றால் எண்களுக்குப் பின் ‘டி’ எழுத்து வரும். தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டச்சு செய்து, திரையில் வரும் பெயரும் போத்தலில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.