கரன்ட்டும் ஃபுட்போர்டு அடிக்கும்!

பஸ் உள்ளே காலியாகக் கிடக்கும். காலேஜ் கும்பல் மொத்தமும் படிக்கட்டில் தொங்கும். கரன்ட்டுக்கும் அதே புத்திதான் பாஸ்! இது தெரியாமல் மினி புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி நான் பட்ட பாடு இருக்கே...

செய்தது ஒரு சின்ன எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை. அதன் டிரான்ஸ்ஃபார்மர் ஓடுவது 100 கிலோஹெர்ட்ஸில். 'ஒயர் தடியா இருந்தா ரெசிஸ்டன்ஸ் கம்மி' என்று பிளஸ் டூ பாடத்தை நம்பி, 2 மி.மீ. செம்புக் கம்பியோடு மல்லுக்கட்டிச் சுற்றி முடித்தேன். மல்டிமீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது. ஆஹா! ஸ்விட்சைப் போட்டு பத்தே நிமிஷம்... கை வைக்க முடியவில்லை. எனாமல் கருகுகிற வாசனை வேறு.

மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. அது அளந்தது டி.சி. ரெசிஸ்டன்ஸை. ஏ.சி. கதையே வேற. கரன்ட் மாற மாற, ஒயருக்குள்ளேயே காந்தப்புலமும் மாறும். அது சுழல் மின்னோட்டங்களைக் கிளப்பிவிடும். இவை கம்பியின் நடுவில் கரன்ட்டை எதிர்க்கும், ஓரத்தில் அதோடு கூட்டு சேரும். அப்புறமென்ன, நடுவில் ஈயாடும், மேல்தோலில் கூட்டம் நெரியும். அதனால்தான் இதற்கு 'ஸ்கின் எஃபெக்ட்' என்று பெயர். 1885-ல் இதை எல்லா வடிவக் கம்பிக்கும் பொதுவாக விளக்கிய ஆலிவர் ஹெவிசைடு, 16 வயதிலேயே ஸ்கூலுக்கு டாட்டா காட்டியவர். (அரியர் பார்ட்டிகள் கவனிக்க!)

செம்பில் இந்தத் தோலின் கனம் 50 ஹெர்ட்ஸில் சுமார் 9.3 மி.மீ. வீட்டு ஒயர் அதைவிட மெலிசு, கவலையில்லை. ஃப்ரீக்வென்சி நாலு மடங்கானால் தோல் பாதியாகும். 100 கிலோஹெர்ட்ஸில் மிஞ்சுவது வெறும் 0.21 மி.மீ.! அதாவது என் தடிக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் இரண்டரை மடங்குக்கு மேல். அதுவும் கம்பி ஒற்றையாக, நேராக இருந்தால். அடுக்கடுக்காகச் சுற்றினால் பக்கத்துச் சுற்றின் காந்தப்புலமும் சேர்ந்து இன்னும் படுத்தும்.

மறுநாள் மதியம் ரிவ்யூ. காலையில் கடை திறந்ததும் ரிச்சி தெருவுக்கு ஓடி, 0.315 மி.மீ. எனாமல் கம்பி வாங்கினேன். 40 இழைகளை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை டிரில் மெஷினில் மாட்டி முறுக்கினோம்.

"அதே அளவு செம்புதானேடா? இதுக்கு எதுக்கு இவ்ளோ கஷ்டம்?" என்றான் ரூம்மேட்.

செம்பு அதேதான். ஆனால் இழை இவ்வளவு மெலிசானால் அதன் நடுப்பகுதியும் வேலை செய்யும். இழைகளைப் பிரித்துவைப்பது எனாமல். அது இல்லையென்றால் நாற்பதும் சேர்ந்து பழையபடி ஒரே தடிக் கம்பிதான். ஒரிஜினல் 'லிட்ஸ்' ஒயரில் சடை பின்னுவதுபோல ஒவ்வொரு இழையும் உள்ளே வெளியே மாறி மாறி வரும். இண்டக்‌ஷன் அடுப்பின் காயிலில் இருப்பது அந்த ஜாதி ஒயர்தான். நான் செய்தது அதன் ஏழை வீட்டுத் தம்பி!

ரிவ்யூவில் அரை மணி நேரம் ஓடியது. சூடு இருந்தது, ஆனால் தொடுகிற சூடு. சார் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எத்தனை இழை?"

"நாற்பது சார்."

"எங்க, எண்ணிக் காட்டு!"