இராவணன் மீசை

பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மித் நினைவு மண்டபத்தைத் தாண்டி வடக்கே நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம் வரும். படகுகளையும் காயும் வலைகளையும் கடந்து உடைந்த பாலத்தை நோக்கி வெறுங்காலோடு போகிறவர்களைச் சில இடங்களில் ஏதோ சுருக்கென்று குத்தும். குனிந்து பார்த்தால் முட்செடி போலத்தான் இருக்கும். ஆனால் அது புல். நெல், கரும்பு, மூங்கில் எல்லாம் அதற்குப் பங்காளிகள். பெயர் இராவணன் மீசை.

பெயர் வைத்தவர்களுக்குக் கூரிய கண். சாம்பல் பூத்த பச்சையில், விறைப்பாக, இரண்டு பக்கமும் வளைந்து நிற்கிற இலைகளைப் பார்த்தால் கூத்தில் முறுக்கிய மீசையோடு வரும் இலங்கை வேந்தன் நினைவுக்கு வராமல் போகாது. தமிழர் மீசையைக் கண்ட இடத்தில் சிங்களவர் தாடியைக் கண்டார்கள்; அங்கே இதற்கு ‘மகா ராவண ரவுல’ என்று பெயர். நீரிணையின் இரு கரையிலும் ஆள் ஒருவன்தான், முகத்தில் இடம்தான் வேறு. தமிழில் மீசை என்பது வெறும் ரோமமும் அல்ல. குத்துகிற புல்லுக்கு அரக்கன் பெயரை வைத்தாலும், கூடவே மீசையையும் கொடுத்ததில் ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தாவரவியலாளர்கள் இவ்வளவு கற்பனைக்குப் போகவில்லை. 1768-ல் டச்சுக்காரரான பர்மன் இதைக் ‘கரையோரத்தது’ என்ற பொருளில் லிட்டோரியா என்றார். 1771-ல் லின்னேயஸ் இதன் பேரினத்துக்கு ஸ்பினிஃபெக்ஸ், அதாவது முள்ளை உண்டாக்குவது, என்று பெயரிட்டார். இரண்டும் சேர்ந்து ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ் ஆனது. சரியான பெயர்தான். மீசை மட்டும் இல்லை.

முள்ளைக் கண்டால் பகைவனின் பெயரோ அயலானின் பெயரோ வைக்கத் தோன்றுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. நியூசிலாந்தின் மலைகளில், பனி விழும் உயரத்தில், அசிஃபில்லா என்றொரு செடி கத்திமுனை இலைகளோடு நிற்கிறது. அங்குள்ளவர்கள் அதை ‘ஸ்பானியர்ட்’, ஸ்பெயின்காரன், என்கிறார்கள். ஈட்டிப்புல் என்றும் சொல்வார்கள். ஆனால் அது புல்லே இல்லை, கேரட்டுக்கும் கொத்தமல்லிக்கும் சொந்தம். புல் என்று பெயர் வாங்கிய அது புல் அல்ல, புல்லாகத் தெரியாத நம்முடையது புல். இரண்டிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு.

இராவணன் மீசையின் பெண் பூங்கொத்துதான் பார்க்க வேண்டிய பொருள். கால்பந்து அளவுக்கு வரும் முள் உருண்டை அது. நீண்ட முட்கள் எல்லாப் பக்கமும் கதிர் போல விரிந்திருக்கும். ஒரு முள்ளைப் பிடித்து அடிவரை பிரித்துப் பார்த்தால், அதன் காலடியில் விதைக்கு ஓர் அறை இருக்கும். முற்றியதும் உருண்டை முழுதாகக் கழன்றுவிடும். காற்று தள்ள, முட்களின் நுனியில் நின்று மணலில் துள்ளித் துள்ளி ஓடும். கடலோரத்துப் பிள்ளைகளுக்கு அது துரத்தி விளையாடக் கிடைத்த பந்து. எங்காவது பள்ளத்தில் சிக்கினால் மணல் மூடும், விதை முளைக்கும். ஆண் செடியின் பூங்கொத்து சிறியது. அதற்கு இந்த ஓட்டம் இல்லை.

செடியின் உழைப்பெல்லாம் மணலோடுதான். தண்டு தரையோடு தரையாகப் பல மீட்டர் ஓடும், கணுவுக்குக் கணு வேர்விடும். காற்று புதரில் மோதி வேகம் குறையும் இடத்தில், சுமந்து வந்த மணலைக் கொட்டிவிட்டுப் போகும். மணல் மேலேறி மூடினால் செடி சாகாது. புதிய கணுவில் வேர்விட்டு மேலே வரும். அது உயர உயர மேடும் உயரும். இலை உள்பக்கமாகச் சுருண்டிருப்பதால் உப்புக் காற்றிலும் கொதிக்கும் மணலிலும் ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. பக்கத்திலேயே ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் அடும்புக்கொடி இந்த வேலையில் அதன் கூட்டாளி. சங்கப் புலவர்களின் நெய்தல் பாட்டுகளில் அடும்புக்குத் தனி இடம் உண்டு.

சென்னைக் கரைக்கு மணலின் அருமை தெரியும். 1870களில் துறைமுக வேலை தொடங்கிய பிறகு, வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தெற்கில் தேங்கி மெரினா அகன்றது; ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. அலை கொண்டுவந்து சேர்த்த மணலைக் கரையில் மேடாகப் பிடித்து வைப்பது இந்த மாதிரிச் செடிகள்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மணல்மேடுகளைப் பற்றிக் கடலோரம் எங்கும் பேச்சு எழுந்தது. 2011-ன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அழகுபடுத்துவதற்காகக்கூட மணல்மேடுகளை மாற்றி அமைக்கக் கூடாது என்று தடை போட்டது.

ஆனாலும் ‘சுத்தமான கடற்கரை’ என்றால் நகரவாசிகளின் மனதில் வருவது ஒரு புல்லும் இல்லாமல் சமப்படுத்திய மணல்தான். இந்த எண்ணம் மாற வேண்டும். பாட்டிலும் பாலித்தீனும் குப்பை, சரி. கொடியும் புல்லும் எப்படிக் குப்பையாகும்? வண்டிச் சக்கரம் ஒருமுறை ஏறினால் போதும், ஓடுதண்டு நசுங்கிக் கணுக்கள் அறுந்துபோகும். அவை பிடித்து வைத்திருந்த மணல் அடுத்த காற்றில் சாலைக்கு வந்துவிடும். காலையில் அந்த மணலைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளுவதற்குத் தனியாக ஆள் வேண்டும்.

திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை வரையிலும், அதற்குத் தெற்கேயும், சுவர்களுக்கும் அலைக்கும் நடுவில் இந்தப் புல் இன்னும் திட்டுத்திட்டாகத் தாக்குப்பிடிக்கிறது. தெற்கத்திக் காற்று பலமாக அடிக்கிற நாளில் போனால் பந்து ஓடுவதைப் பார்க்கலாம். நடைபாதைச் சுவரோரம் ஒன்று சிக்கிக் கிடந்தால், முள் குத்தாமல் காம்பைப் பிடித்துத் தூக்கி, மணல் பக்கம் விட்டுவிடலாம். மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.