துறைமுகம் பார்த்து ஓர் இராவுணவு

பசி தீர உண்பதற்கு வீடே போதும். அப்படியிருக்க, பிறந்தநாள் என்றும், திருமண நிறைவு நாள் என்றும், பிள்ளை பரீட்சையிற் சித்தியெய்தினான் என்றும் காரணங் காட்டி, மனிதர் ஏன் வெளியே சென்று கூடுதற் பணங் கொடுத்து உண்ண விரும்புகின்றனர்? கறியின் சுவை ஒன்றே காரணமென்று கூற முடியாது. அன்னையின் கைப்பக்குவத்தை வெல்லும் சமையற்காரர் மிகச் சிலரே. உண்ணும் இடமும், உண்ணும்பொழுது கண்முன் விரியும் காட்சியும், உடனிருக்கும் உறவினரும் ஒன்றுசேர்ந்தே ஒரு வேளை உணவை விருந்தாக்குகின்றன.

மேனாட்டார் இதனை நெடுங்காலமாக அறிவர். பாரிஸ் மாநகரில் ஈபிள் கோபுரம் 1889ஆம் ஆண்டு திறக்கப்பட்டபொழுதே அதன் முதல் தட்டில் உணவுச்சாலைகள் இருந்தன. 1983இல் அதே கோபுரத்தின் இரண்டாந் தட்டில், நிலத்திலிருந்து 125 மீற்றர் உயரத்தில், ஜூல்ஸ் வேர்ண் என்னும் எழுத்தாளரின் பெயரால் ஓர் உணவகம் அமைந்தது. அங்கே மேசை வேண்டுவோர் நெடுநாள் முன்னதாகவே பதிவு செய்து காத்திருக்கின்றனர். நம் நாட்டிலும், 2022 செப்டம்பரிற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட கொழும்புத் தாமரைக் கோபுரத்தின் உச்சிப் பகுதியிலே சுழலும் உணவகத்துக்கென ஒரு தளம் அமைக்கப்பட்டுள்ளது.

திருகோணமலைக்கு இத்தகைய கோபுரம் வேண்டியதில்லை. இங்கே இயற்கையே மலையாகவும் குடாவாகவும் அமைந்து, உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றை ஊரின் வாசலில் வைத்திருக்கிறது. விடுமுறைக்கு இவ்வூர் வரும் குடும்பமும், ஊரிலேயே வாழும் குடும்பமும், துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மாலை உணவருந்த விரும்பினால் எங்கே அமர வேண்டும், எந்த நாளிற் போக வேண்டும், மேசையை ஒதுக்கும்பொழுது எவற்றைக் கேட்க வேண்டும் என்பவற்றைச் சற்று ஆராய்வோம்.

மலைமேலா, மலைக்கு எதிரிலா?

ஈபிள் கோபுரத்தைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை வழங்குகிறது. அக் கோபுரத்தை அறவே வெறுத்த மாப்பசான் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் அங்குள்ள உணவுச்சாலைக்கே அடிக்கடி செல்வாராம். காரணங் கேட்டபொழுது, ‘பாரிஸ் நகரில் இந்தக் கோபுரம் என் கண்ணிற் படாத இடம் இது ஒன்றுதான்’ என்றாராம். கதை மெய்யோ பொய்யோ, அதிலுள்ள நுட்பம் மெய். புகழ்பெற்ற இடத்தின் மேலேயே அமர்ந்திருப்பவன் அந்த இடத்தைக் காண்பதில்லை. எதிரே அமர்ந்திருப்பவனே காண்கிறான்.

திருகோணமலையின் பெருஞ்சின்னம் கோணேசர் மலை. கடலில் முட்டி நிற்கும் செங்குத்தான பாறை. இராவணன் வெட்டு என மக்கள் அழைக்கும் பிளவு. உச்சியிலே கோணேசப் பெருமானின் ஆலயம். ஞானசம்பந்தர் தேவாரம் பாடிய தலம் இது. பழைய ஆலயத்தைப் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டு 1624 அளவிற் கோட்டை எழுப்பினர். கடலுள் வீழ்ந்து கிடந்த தூண்களையும் கற்களையும் 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடிக் கண்டனர். மீண்டும் எழுந்த ஆலயத்துக்கு 1963இற் குடமுழுக்கு நடைபெற்றது. ஆகையால் மலையுச்சி விருந்துக்குரிய இடமன்று, வணங்குதற்குரிய இடம். பிற்பகலில் மலையேறி வழிபட்டு, கீழிறங்கி, எட்ட இருந்து மலையையும் நீரையும் பார்த்தபடி உண்பதே முறையும் ஆகும், அழகும் ஆகும்.

மலைக்குச் செல்லும் வீதி பிரெடரிக் கோட்டைக்குள்ளாகவே செல்கிறது. அங்கே மரநிழலிற் புள்ளிமான்கள் அச்சமின்றி உலாவும். பிள்ளைகள் அவற்றைக் கண்டு மகிழட்டும். ஆனால் தின்பண்டம் சுற்றிய பொலித்தீன் பைகளை அங்கே வீசவிடலாகாது. உணவின் வாசனைக்காக மான்கள் அவற்றையும் விழுங்கிவிடும்.

கிழக்கிலே கடல், மேற்கிலே துறை

கொழும்பிலிருந்து வருவோர் பலர் இங்கே ஓர் ஏமாற்றம் அடைவதுண்டு. காலிமுகத் திடலிலோ, 1864இல் அமைந்த காலிமுக ஹோட்டலின் முற்றத்திலோ அமர்ந்தால், கதிரவன் கடலுள் மூழ்குவதைக் காணலாம். அந்நினைவோடு இவர்கள் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் சென்று, கடலை நோக்கிய மேசையைக் கேட்டு வாங்கி அமர்கின்றனர். சூரியனோ அவர்களின் முதுகுக்குப் பின்னால், பனைகளுக்கும் வீட்டுக் கூரைகளுக்கும் அப்பால் மறைந்துவிடுகிறது! இது கீழைக்கரை, இங்கே கடல் உதயத்துக்கு உரியது.

எனினும் திருகோணமலை நகருக்கு வேறு கீழைக்கரை ஊர்களுக்கு வாய்க்காத ஒரு பேறு உண்டு. நகரம் ஒடுங்கிய நிலக்கழுத்தின்மேல் அமைந்திருக்கிறது. ஒரு புறம் டச்சுக் குடாவும் திறந்த கடலும். மறு புறம் குன்றுகள் சூழ்ந்த உட்துறைமுகம். உட்துறைமுக வீதியிலோ உவர்மலைச் சரிவிலோ மேற்கு நோக்கி அமர்ந்தால், கதிரவன் அக்கரைக் குன்றுகளின் பின்னே இறங்குவதையும், அமைதியான நீர்ப்பரப்புச் செம்பொன்னாக மாறுவதையும், நங்கூரமிட்ட கப்பல்கள் கறுத்த ஓவியங்களாகத் தோன்றுவதையும் காணலாம். அதே நகரில், ஒரு மைலுக்கும் குறைந்த தொலைவு கடந்து டச்சுக் குடாக் கரைக்கு வந்தால், சந்திரன் கடலிலிருந்து எழுவதைக் காணலாம்.

இதனால் முதற்கேள்வி உணவைப் பற்றியதன்று, திசையைப் பற்றியது. அந்திப்பொழுது வேண்டுமா? உட்துறைமுகப் பக்கம் மேசை கேளுங்கள். நிலவு வேண்டுமா? கடற்பக்கம் கேளுங்கள். இரண்டும் வேண்டுவோர் முழுமதி நாளைத் தெரிந்துகொள்க. முழுமதியன்று ஏறத்தாழச் சூரியன் மறையும் வேளையிலேயே சந்திரன் எழும். அடுத்த நாளிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். இலங்கையில் ஒவ்வொரு பூரணை நாளும் போயா விடுமுறையாதலால் குடும்பம் ஒன்றுகூட வசதியுண்டு. அன்று மதுபான விற்பனை தடைசெய்யப்பட்டிருப்பது குழந்தைகளுடன் செல்வோர்க்கு மேலும் நன்று. ஆனால் இறைச்சிக் கடைகளும் அன்று மூடியிருக்கும். என்ன உணவு கிடைக்கும் என்பதை முன்னரே கேட்டறிக.

நேரமும் பருவமும்

நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ளதால் அந்தி நீடிப்பதில்லை. திருகோணமலையில் நவம்பர் நடுப்பகுதியிற் சூரியன் மாலை 5.40 மணியளவில் மறையும், ஜூலையில் 6.30 ஆகும். மறைந்து அரைமணி நேரத்துள் இருள் சூழ்ந்துவிடும். ‘இராவுணவுதானே’ என்று எட்டு மணிக்கு மேசை ஒதுக்குவோர் துறைமுகத்துக்குப் பதிலாகக் கண்ணாடியிலே தம் முகத்தையே பார்த்திருக்க நேரும். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்னதாகச் சென்று அமர்வதே சிறப்பு. முதலில் தேநீரும் சிற்றுண்டியும். பின்னர் அந்திக் காட்சி. விளக்கேற்றிய பின் உணவு.

பருவமும் கவனிக்கத் தக்கது. ஒக்டோபர் இறுதி முதல் ஜனவரி வரை வாடைக் காற்றும் மழையும் இக்கரையைத் தாக்கும். அக்காலத்திற் செல்வோர் கூரையுள்ள இடத்தையே கேட்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை வானம் தெளிவாயிருக்கும். கடலும் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். ஆனால் கச்சான் காற்று வெப்பத்தோடு வீசும் நாள்களில் திறந்த முற்றத்து மேசை முதியோருக்கு ஒத்துவராது.

தொலைபேசியில் என்ன சொல்வது?

பலர் ‘சனிக்கிழமை மேசை உண்டா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகின்றனர். வீட்டில் மாணவப் பிள்ளைகள் இருந்தால் இப்பொறுப்பை அவர்களிடமே ஒப்படைக்கலாம். ஒழுங்காகப் பேசிப் பழகுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. இப்படிப் பேசலாம்:

‘வணக்கம் ஐயா. வரும் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு எட்டுப் பேர் வருகிறோம். இருவர் முதியவர்கள், படியேற இயலாது. மூவர் மரக்கறி உணவு மட்டுமே உண்பவர்கள். துறைமுகத்தை நோக்கிய வரிசையில் எங்களுக்கு மேசை ஒதுக்க முடியுமா?’

இச் சில வாக்கியங்களிலேயே நாள், நேரம், தொகை, வசதி, உணவு, திசை ஆகிய யாவும் அடங்கிவிட்டன. அதன்பின் கேட்கவேண்டியவை மூன்று. ஒன்று, முற்பணம் வேண்டுமா, வர இயலாதுபோனால் அது திரும்பக் கிடைக்குமா என்பது. இரண்டு, பட்டியலில் உள்ள விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடங்குமா என்பது. மூன்று, மீனும் நண்டும் எடைக்கு விற்கப்படுமா, தட்டுக்கு விற்கப்படுமா என்பது. பாரையும் விளைமீனும் கணவாயும் நண்டும் இவ்வூரின் பெருமை. ஆனால் எடை கேளாமல் நண்டுக்குச் சொல்லிவிட்டுப் பற்றுச்சீட்டைக் கண்டதும் திகைப்பது குடும்பத் தலைவர்க்கு நல்ல விருந்தாகாது. திருகோணமலை தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் ஊர். சைவ உணவோ, ஹலால் உணவோ வேண்டுமெனக் கேட்பதற்கு எவரும் கூச வேண்டியதில்லை. கேளாமற் சென்று விருந்தினரைப் பட்டினியாக இருத்துவதே கூசத் தக்கது.

பெயரைப் பதிந்த பின் வர இயலாதுபோனால், உடனே அறிவித்துவிட வேண்டும். நம்முடைய வெறும் நாற்காலிகளுக்காக இன்னொரு குடும்பம் வாசலில் நின்று திரும்பிப் போயிருக்கக்கூடும். அன்று வாங்கிய மீனும் வீணாகியிருக்கும்.

இந்தக் காட்சி யாருக்கு உரியது?

இங்கே ஒரு செய்தியை மறத்தலாகாது. உட்துறைமுகக் கரையில் ஒரு சாதாரணக் குடும்பம் இரவில் அமர்ந்து உண்பது சிறிய காரியமன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என நான்கு ஐரோப்பியர் இத்துறைமுகத்துக்காகப் போரிட்டனர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே இது ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. 1795 முதல் ஆங்கிலேயரின் கடற்படைக் கோட்டையாயிற்று. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் குண்டுவீசித் தாக்கின. 1957இலேதான் தளம் நம் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவரை துறைமுகத்தின் சிறந்த காட்சி முனைகளெல்லாம் படையினர்க்கும் அதிகாரிகளுக்குமே உரியனவாயிருந்தன. ஊரவர்க்கு அங்கே தொழில் இருந்தது, நாற்காலி இருக்கவில்லை.

அதன்பின் 1983 முதல் 2009 வரை நீண்ட போர். கடலுக்குப் போவதற்கும், இரவில் வீதியில் நடமாடுவதற்கும் அச்சமும் தடையும் நிலவிய காலம் அது. பொழுது சாயுமுன் வீடு திரும்புவதே அன்று வழக்கமாயிருந்தது. இராவுணவுக்கு மேசை ஒதுக்குவதை எவர் எண்ணியிருப்பர்? கிண்ணியா மக்கள் நகருக்கு வரப் பாதைக்காகக் காத்து நின்றனர். 2009 ஒக்டோபரிற் பாலம் திறக்கப்பட்ட பின்னரே அக்காத்திருப்பு நீங்கியது. இன்று பாட்டனும் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, துறைமுக விளக்குகள் நீரில் ஆடுவதைப் பார்த்து, ஒன்பது மணிக்குப் பின் அமைதியாக வீடு திரும்புகின்றனர். அந்த மேசையின் உண்மையான விலை பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருப்பதன்று.

துறைமுகத்தின் ஒரு பகுதி இன்றும் கடற்படைத் தளமாக விளங்குகிறது. ஆகவே படமெடுக்க விரும்புவோர் எப்பக்கம் எடுக்கலாம் என்று உணவகத்தாரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

இனி, உணவகத்துக்குச் செல்ல வசதியில்லாத குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உணவகம் நமக்குத் தருவது நாற்காலி, நிழல், பரிமாறுவோரின் உழைப்பு ஆகியவற்றையே. அவற்றுக்கு விலை உண்டு, கொடுப்பதும் நியாயமே. வானத்துக்கும் நீருக்கும் அங்கே விலையில்லை. பிட்டோ இடியப்பமோ பொதியாகக் கட்டி எடுத்துச் சென்று, முழுமதி மாலையில் டச்சுக் குடாக் கடற்கரை மணலில் விரித்து அமர்ந்தால், வடக்கே கோட்டை மலையும் கிழக்கே எழும் நிலவும் எவர் பெயரிலும் பதிவு செய்யப்படாமல் எல்லோருக்கும் பொதுவாக நிற்கும். அங்கே முன்பதிவு வேண்டியதில்லை. எழுந்து வரும்பொழுது பொதி சுற்றிய தாளை மணலில் விடாமல் எடுத்து வந்தாற் போதும்; நாளை அங்கே அமரப்போகும் குடும்பத்துக்கு நாம் ஒதுக்கிவைக்கும் மேசை அதுவே.